மூலைச் சாம்பல்

அவள் தன் அண்ணனைக் கடைசியாகப் பார்த்து முப்பத்தொரு மணி நேரமாகிறது. ஆறாவது வாளியில் வந்த சாம்பல் மட்டும் வெள்ளையாக இருந்தது.

பழைய கணினிப் பலகைகளையும் நகைப் பட்டறைக் குப்பையையும் சூளையில் எரித்து, சாம்பலை உருக்கித் தங்கம் பிரிக்கும் ஆலை அது. அண்ணன் சூளைக்குள் சரக்கு அடுக்குபவன். அவள் சோதனை அறையில் சாம்பலை ஆராய்பவள். நேற்றுக் காலை மூட்டிய சூளை இன்று மதியம்தான் ஆறியது. புகைவிசிறி நின்ற பிறகும் அதன் இரைச்சல் காதுக்குள் சுற்ற, கருகிய பிளாஸ்டிக் வாடை திரைச்சீலை வரை ஏறியிருக்க, நாலு மணி வெயிலில் அந்த வெளுப்பு மட்டும் கண்ணை உறுத்தியது.

ஒரு சிட்டிகையைத் தட்டில் எடுத்து, தனிமங்களை அளக்கும் கருவியில் வைத்தாள். பாஸ்பரஸ் பதினாறு சதம். துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பதினாறு.

எலும்பில்தான் இவ்வளவு இருக்கும். தங்கத்தைச் சோதிக்கும்போது ஈயத்தை உறிஞ்சும் கிண்ணங்களும் எலும்புச் சாம்பலில் செய்தவைதான். அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மேஸ்திரி, பழைய கிண்ணம் ஏதாச்சும் சூளையில போட்டீங்களா?"

"அதை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சே டாக்டரம்மா. படிச்ச புள்ளைக்கே மறந்து போச்சா?" வாளியை இறக்கிவைத்துக் கேலியாகச் சிரித்தார். "இது மூலையில கிடந்துச்சு. உங்கண்ணன் வந்திருந்தா நான் ஏன் சுமக்கறேன்? நேத்து அவன் வெளிய போயிட்டான்னு கதவைத் தாழ் போட்டு மூட்டிட்டு டீ குடிக்கப் போனேன். அதோட ஆளைக் காணோம்."

மூட்டிய சூளையை மூன்று மணி நேரம் திறக்கக் கூடாது. திறந்தால் காற்றில் சாம்பல் பறக்கும். அதோடு தங்கமும். சேர்ந்த அன்றே அவளுக்குச் சொன்ன பாடம் அது.

போன் அடித்தது. அண்ணி.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா? நேத்து சூளைப் பக்கம் நீதானே இருந்தே? அவர் வெளிய வந்ததைப் பார்த்தியா?"

"இல்லை அண்ணி."

மேஸ்திரி வாளியைப் பார்த்தார். பிறகு அவளை. சிரிப்பு நின்றது.

அவள் மேஸ்திரியைப் பார்க்காமல் போனில் சொன்னாள்.

"உள்ளேயிருந்து தட்டற சத்தம் கேட்டுச்சு அண்ணி. ரொம்ப நேரம். தங்கம் பறந்துடும்னு நான்தான் திறக்கல."

சொல்லச் சொல்ல, தட்டிலிருந்த வெள்ளைச் சாம்பல் அவள் மூச்சுப் பட்டு மெல்ல எழும்பியது.