சுண்டெலியின் டெம்பரரி ஓட்டை

வீட்டில் எல்லோரும் அவளைக் கேள்விக்குறி என்றுதான் கூப்பிடுவார்கள். எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்டுத் துளைத்து எடுத்துவிடுவாள். அவள் தங்கைக்குச் செல்லப்பெயர் சுண்டெலி. முன்பற்கள் இரண்டும் அவ்வளவு எடுப்பு. போன வாரம் அந்த இரண்டுமே விழுந்துவிட்டன.

இன்று பள்ளியில் ஆண்டு விழா. மேடையேறி வரவேற்புரை சொல்ல வேண்டியவள் சுண்டெலி. ஒரு மாதமாக மனப்பாடம் செய்தவள், காலையிலிருந்து வாயையே திறக்கவில்லை.

இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் நிறுத்தம் நாலு கடை தள்ளிப் போயிருந்தது. கம்பத்தின் உச்சியில் ஒரு பலகை. கேள்விக்குறி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"டெம்... ப... ரரி பஸ் ஸ்டாப்."

பக்கத்தில் ஒரு பெண் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, டெம்பரரின்னா என்ன?"

"கம்பத்தோட அடியைப் பாரு" என்றார் அவர்.

கம்பம் மண் நிரப்பிய டின்னில் நின்றது.

"ஏன் குழி தோண்டி நடல?"

"நட்டா இங்கயே நின்னுடுமே! இது கொஞ்ச நாளைக்குத்தான் கண்ணு. ரோடு போட்டதும் தூக்கிடுவோம். அதான் டெம்பரரி."

கேள்விக்குறிக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போனது. பஸ் ஏறியதும் ஆரம்பித்துவிட்டாள். "என் ஜலதோஷம் டெம்பரரி. மழை டெம்பரரி. அம்மாவோட கோபம் டெம்பரரி!"

சுண்டெலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் கலங்கின.

"எல்லாரும் சிரிப்பாங்கக்கா. நான் மேடை ஏற மாட்டேன்."

கேள்விக்குறிக்கு மனசு கேட்கவில்லை. தங்கையின் மோவாயை நிமிர்த்தி உற்றுப் பார்த்தாள்.

"அட, உள்ள வெள்ளையா ஏதோ எட்டிப் பாக்குது! புதுப் பல்லுடி! அப்போ இந்த ஓட்டை?"

சுண்டெலி யோசித்தாள். "டெம்பரரியா?"

"அதேதான். யாராவது சிரிச்சா அதைச் சொல்லு."

மேடையில் சுண்டெலி "வணக்கம்" என்றதுமே முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் ஈ என்று இளித்து, ஓட்டையை விரலால் காட்டினாள்.

"இது டெம்பரரி!"

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. பிறகு ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தாள். நடுநடுவே கொஞ்சம் காற்று வந்தது, அவ்வளவுதான்.

கீழே இறங்கியவளைத் தலைமை ஆசிரியர் தட்டிக்கொடுத்தார். தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே, "அப்போ இதுவும் டெம்பரரிதானேம்மா?" என்று கேட்டார்.

சுண்டெலி அக்காவைப் பார்த்தாள். கேள்விக்குறி அந்த வழுக்கையை நன்றாக ஆராய்ந்தாள்.

"இல்லங்க சார். இது குழி தோண்டி நட்டது."

அன்று விழாவிலேயே சத்தமாகச் சிரித்தவர் தலைமை ஆசிரியர்தான்.