பானெட்டுக்கு இந்தப் பக்கம்

முன்கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டிருந்தார்கள்.

ஓட்டுகிறவன் பக்கம் அல்ல. பக்கத்து இருக்கைக்கு நேர் எதிரே, கண்ணாடியின் உள்புறத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளையாகப் பனித்துக் கிடந்தது. மூன்று வாரமாகப் பூட்டியே கிடந்த வண்டி அது. ஷெட்டின் தகரக் கூரை மத்தியான வெயிலில் டப் டப்பென்று விரிந்துகொண்டிருக்க, பழைய தோல் இருக்கையும் சிந்திக் காய்ந்த ஆயிலும் ரப்பர் மிதியடியும் ஒன்றாக வேகும் வாசனை மூக்கை அடைத்தது. அந்தப் புழுக்கத்தில் கண்ணாடி எப்படிப் பனிக்கும் என்று யோசிக்க அவனுக்குப் பயமாக இருந்தது. பனியன் வேஸ்ட் துணியை எடுத்து, கையை உள்ளே விட்டுத் துடைத்தான். துணி ஈரமாயிற்று.

அவனைவிட நான்கு வயது இளைய வண்டி. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, உட்கார்ந்தால் இடுப்பு ரோட்டை உரசுமோ என்று தோன்றும் தாழ்வு. பத்து நாள் ஓடினால் இருபது நாள் படுக்கும். மனைவி அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். "இன்னிக்கு அவளுக்கு உடம்புக்கு என்னவாம்?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி விசாரிப்பாள். எப்போதாவது கைவைக்கும் மெக்கானிக்கோ, "இதுக்குச் செய்யறதுல பாதிய எனக்குச் செஞ்சிருந்தா, என் பையனுக்கு உங்க பேரையே வச்சிருப்பேன் சார்" என்பான். யார் என்ன சொன்னாலும் அவனுக்கு வண்டிதான் உயிர். கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான். ஆபீசிலோ வீட்டிலோ அவன் கைக்கு எதுவும் அப்படிப் பணிந்ததில்லை.

அந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று.

அன்று சாப்பிட்டு முடித்ததும் அக்கா கேட்டாள். அவள் இருப்பது வெகு தூரத்தில். அப்பாவின் சாவுக்கு வந்தவள், மறுநாள் காலை திரும்பிப் போகிறாள்.

"அப்பா கடைசியா உக்காந்த எடத்துல நானும் ஒரு தடவ உக்காந்துட்டுப் போறேன்டா. ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிட்டுப் போ. அதே ரோட்டுல."

"அது இப்ப ஓடாதுக்கா. கார்புரேட்டர் சரியில்ல."

"உனக்கா கார்புரேட்டர் பெரிய விஷயம்? சாயங்காலத்துக்குள்ள ரெடி பண்ணு." எழுந்து போகும்போது அவன் தலையை ஒருமுறை தடவினாள். "வலியே இல்லாம தூக்கத்துலயே போய்ட்டாருன்னு நீ சொன்ன பாரு, அத நெனச்சுத்தான் நான் ராத்திரி கண்ண மூடறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பொய். தட்டைப் பார்த்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினான். அது உடைந்தால் தன் மானம் போகும் என்பது ஒரு பக்கம். அக்காவின் தூக்கமும் போய்விடும்.

நடந்தது இதுதான். மூன்று வாரம் முன்பு, வீட்டில் அவனும் அப்பாவும் மட்டும் இருந்த ஒரு சாயங்காலம், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஆம்புலன்ஸக் கூப்பிடுடா" என்றார். அது வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அவன் சாவியை எடுத்தான். எட்டு வருஷமாக அந்த வண்டியைத் தகர டப்பா என்று கேலி செய்த மனிதருக்கு அதன் வேகத்தைக் காட்ட வேண்டும் என்ற நப்பாசை அந்த நேரத்திலும் அவனுக்கு இருந்தது. அதை நினைத்தாலே இன்றைக்கும் காது சுடுகிறது.

பாலத்துக்கு முந்தைய வளைவில் வண்டி நின்றுபோயிற்று. இறங்கி பானெட்டைத் தூக்கினான். பழங்காலத்து நீள பானெட். தூக்கி நிறுத்தினால் முன்கண்ணாடி முழுவதும் மறைந்துவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட் அடைத்திருந்தது. அந்தச் சின்னப் பித்தளைத் துண்டைக் கழற்றி, வாயில் வைத்து ஊதி, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி ஊதினான். அப்போது ஹாரன் அடித்தது. நீளமாக. "இருங்கப்பா, ரெண்டே நிமிஷம்!" கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை, குட்டையாக. அவனுக்கு எரிச்சல் வந்தது. "சும்மா அடிச்சுட்டே இருக்காதீங்கப்பா! பேட்டரி இறங்கிடும்!"

மூன்றாவது ஹாரன் ஈனமாகக் கேட்டது. சொன்னேனே, பேட்டரி போயிற்று என்று பயந்தான். பிறகு சத்தம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. இருபது நிமிஷம் அந்த வேலையில் அவன் சந்தோஷமாக இருந்தான், ஆமாம், சந்தோஷமாகத்தான். பானெட்டை அறைந்து மூடி, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அப்பா கண்ணைத் திறந்தபடி இருந்தார். அவருடைய கை அவன் இருக்கையைத் தாண்டி ஸ்டியரிங்கின் நடுவில் கிடந்தது. அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்தவன் அவன்தான். கண்ணை மூடிவிட்டவனும் அவன்தான். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது. பேட்டரி நன்றாகவே இருந்தது.

மத்தியானம் முழுக்க ஷெட்டில் வேலை பார்த்தான். வேண்டுமென்றே எதையாவது கெடுத்து வைத்தால் இன்று தப்பிக்கலாம் என்று நினைத்தான், கை கேட்கவில்லை. அது சரியாகவே மாட்டியது, சரியாகவே முறுக்கியது. தலையை நிமிர்த்திய போதெல்லாம் கண்ணாடி பனித்திருந்தது. நான்கு முறை துடைத்தான். ஐந்தாவது முறை துடைக்கப் போகவில்லை.

ஐந்தரை மணிக்கு அக்கா வந்து உட்கார்ந்தாள்.

"சீட்டு சூடா இருக்கே?"

"வெயில்ல இருந்துச்சுல்ல."

வண்டி நிழலில்தான் இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கிளம்பியதும் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு அப்பாவைப் பற்றிப் பேசினாள். அவர் செருப்பைத் தொலைத்த கதை, பல் செட்டைத் தேடிய கதை. சிரித்தாள். அவனும் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தான். வானம் மூடிக்கொண்டு வந்தது. ஈர மண் வாசனையும் பெட்ரோல் வாசனையும் மாறி மாறி வந்தன.

"என் பக்கம் மட்டும் கண்ணாடி பனிக்குதுடா."

அவள் உள்ளங்கையால் துடைத்தாள். மறுபடி படர்ந்தது. அவள் மூச்சுதான் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தபோதும் அந்த வெள்ளை விரிந்தது, சுருங்கியது, விரிந்தது. நிதானமாக ஆரம்பித்தது. வளைவு நெருங்க நெருங்க வேகமாயிற்று. திணறலாயிற்று.

அதே மரங்கள். அதே கைப்பிடிச் சுவர். என்ஜின் இரண்டு முறை இருமியது.

நின்றது.

"ஐயோ, உன் செல்லம் படுத்துட்டாளா?" என்று அக்கா இறங்கினாள். "நான் லைட் அடிக்கிறேன், நீ பாரு." போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு அவன் தோளருகே வந்து நின்றாள்.

பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினான். கண்ணாடி மறைந்தது. ஜெட்டைக் கழற்றினான். உதட்டில் வைத்தான். நாக்கில் பெட்ரோல்.

ஹாரன் அடித்தது. நீளமாக.

அக்கா துள்ளி அவன் கையைப் பிடித்தாள். "உள்ள யாருடா?"

"யாரும் இல்ல. ஒயர் ஷார்ட் ஆயிருக்கும்."

மறுபடி. குட்டையாக.

அவன் பேட்டரியிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். "கழட்டிட்டேன். இனிமே அடிக்காது."

மூன்றாவது, ஒயர் அவன் கையில் இருக்கும்போதே ஒலித்தது. ஈனமாக. பாதியில் அறுந்தது.

டார்ச் வெளிச்சம் அவன் முகத்துக்கு ஏறியது.

"டேய். அன்னிக்கு அப்பா உன்னக் கூப்பிட்டாரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். வாயைத் திறந்தான். வந்தது வேறு. பானெட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்து, அன்றைக்கு இருந்த அதே எரிச்சலோடு:

"சும்மா அடிச்சுட்டே இருக்காதீங்கப்பா! பேட்டரி இறங்கிடும்!"

உள்ளே அமைதி. சொன்ன பேச்சைக் கேட்ட அமைதி.

அக்கா டார்ச்சை அவன் முகத்திலிருந்து இறக்கினாள். போனை என்ஜின் மேல் வைத்தாள். பானெட்டைச் சுற்றி நடந்தாள். கதவு திறக்கும் சத்தம்.

"அப்பா." அவள் குரல் குழந்தையைத் தேற்றுவது போல இருந்தது. "நான் வந்துட்டேன்பா. கைய எடுங்க. போதும்."

இருக்கையின் ஸ்பிரிங் முனகியது. கதவு சாத்திக்கொண்டது.

ஹாரன். நீளமாக.

"தம்பி, என் கையப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குறாரு." இப்போது அவள் குரலில் மூச்சு வாங்கியது. "அந்த மூடிய எறக்கு. ஒரே ஒரு தடவ உன் முகத்தக் காட்டு. விட்டுடுவாரு."

அவன் கை கம்பியில் இருந்தது. தட்டினால் போதும். எதிரே அப்பா. பக்கத்தில் எல்லாம் தெரிந்துகொண்ட அக்கா. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பான்?

ஜெட்டை எடுத்தான். ஊதினான். மாட்டினான்.

ஹாரன். குட்டையாக.

"தம்பி..."

கழற்றினான். ஊதினான்.

ஹாரன். ஈனமாக.

பிறகு எதுவும் இல்லை.

மாட்டினான். முறுக்கினான். கையைத் துடைத்துக்கொண்டான். இனி வேலை இல்லை. கம்பியைத் தட்டிவிட்டான்.

பானெட் விழுந்தது.

ஒற்றை இருக்கையில் இருவர். ஐம்பது தாண்டிய அக்கா, சின்னப் பிள்ளை மாதிரி அப்பாவின் மடியில். இருவர் கையும் நீண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்டியரிங்கின் நடுவில். இருவர் கண்ணும் திறந்திருந்தன. அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.