செத்தவன் பங்கு

ஈனோக்கின் கிண்ணத்தில் கஞ்சி குறைந்திருந்தது.

ஜேபஸ் இருட்டில் விரலை விட்டுத் துழாவினான். தன் பங்கைக் குடித்து முடிக்கும்வரை அந்தக் கிண்ணத்தைத் தொடையோடு ஒட்டித்தான் வைத்திருந்தான். இப்போது பாதிதான் இருந்தது. ஈனோக் குடித்திருக்க வழியில்லை. அவன் நேற்றே செத்துவிட்டான்.

ஆடு திருடிய இருவரையும் ஒரே கால்விலங்கில் கோத்து, நியூ சவுத் வேல்ஸுக்குப் போகும் கைதிக் கப்பலின் அடித்தட்டில் தள்ளியிருந்தார்கள். அரைவயிற்றுக் கஞ்சியில் ஆட்கள் ஒவ்வொருவராய்ச் சுருண்டார்கள். ஈனோக்கின் மூச்சு நின்றதும் ஜேபஸ் அழுதான். அழுதபடியே போர்வையை அவன் முகத்துக்கு இழுத்துவிட்டு, கஞ்சி ஊற்ற வந்த மாலுமியிடம் சொன்னான்: “அவனுக்குக் காய்ச்சலுங்க. அவன் பங்கையும் நானே வாங்கிக்கறேன்.”

“பாதிக் கஞ்சியைக் காணோமே,” என்று இப்போது முணுமுணுத்தான் ஜேபஸ்.

“எலி குடிச்சிருக்கும்டா,” என்றான் பக்கத்துப் பலகையில் கிடந்த ஆபெல். “உன் கூட்டாளி என்ன இந்த நாத்தம் நாறுறான்? உசுரோடதானே இருக்கான்?”

“இருக்கான். நீ பொத்திக்கிட்டுப் படு.”

அடுத்த வேளை ஜேபஸ் ஈனோக்கின் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்தான். தாரும் வாந்தியும் அழுகிய நீரும் கலந்த வாடை தொண்டையை அடைக்க, மரச்சட்டங்கள் முனக, வெளியே அலை கப்பலின் விலாவை அறைந்துகொண்டே இருக்க, அத்தனைக்கும் அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. யாரோ விழுங்கும் சத்தம். மெதுவாக. போர்வைக்குள்ளிருந்து.

கைக்குள் கிண்ணம் லேசாகிக்கொண்டே வந்தது.

“ஐயா! செத்துட்டான்யா! இவனைக் கொண்டு போங்கய்யா!”

மாலுமி விளக்கோடு இறங்கி வந்து போர்வையை விலக்கினான். ஈனோக்கின் முகம் ஊதிக் கறுத்திருந்தது. உதட்டில் ஈரக் கஞ்சி.

“அடப்பாவி, பொணத்துக்கு ஊட்டி விட்டியா?” மாலுமி ஜேபஸை எட்டி உதைத்தான். விலங்கைக் கழற்றி, உடலைப் பாய்த்துணியில் வைத்துத் தைத்து, மேலே தூக்கிப் போனார்கள். சற்று நேரத்தில் கடல் அதை வாங்கிக்கொள்ளும் ஓசை கேட்டது. ஜேபஸ் காலை நீட்டினான். கப்பல் ஏறிய பிறகு முதன்முறையாக நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் மாலுமி கஞ்சியோடு வந்தான். ஒரே கிண்ணம். ஜேபஸ் கையை நீட்டினான்.

அவன் தோளுக்கு மேலாக இன்னொரு கை நீண்டது. உப்புநீர் சொட்டும் கை. வெளுத்து ஊறிய விரல்களில் தையல் நூல் சுற்றியிருந்தது. அது கிண்ணத்தை வாங்கிக்கொண்டது.

“ஐயா... எனக்கு...”

“அதான் வாங்கிட்டியே. எத்தனை தடவைடா ஊத்துறது?”

மாலுமி நகர்ந்தான். விளக்கும் போனது.

இருட்டு.

முதுகுக்குப் பின்னால், நிதானமாக, விழுங்கும் சத்தம்.