அசையாத உடலில் ஒரு துடிப்பு

இடது முழங்கையின் உள்பக்கம் எரிந்தது. பித்தப்பைக் கல்லை எடுத்து முடிக்கும்வரை அவளுக்கு எதுவுமே தெரியாது என்று மயக்க மருத்துவர் காலையில் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். ஆறு வரை எண்ணினாள், தூங்கினாள், இப்போது விழித்துக்கொண்டுவிட்டாள்.

இமைகளின் மேல் ஒட்டுநாடா. தொண்டையில் குழாய். பக்கத்தில் ஓர் இயந்திரம் உஸ்ஸென்று காற்றை அவள் நெஞ்சுக்குள் தள்ளி, நிறுத்தி, திரும்ப எடுத்துக்கொண்டிருக்க, எங்கோ தலைமாட்டில் அவளுடைய இதயம் பீப், பீப் என்று நிதானமாக ஒலித்தது.

"பசங்களைக் கல்லு மாதிரி உக்கார வெச்ச டீச்சராம்" என்றார் அறுவை மருத்துவர். "பாருங்க, அந்தக் கல்லெல்லாம் இவங்க வயித்துலதான் இருக்கு."

தாதி சிரித்தாள். கண் விழித்துவிட்டேன் என்று சொல்ல, மேசையில் கிடந்தவள் ஆள்காட்டி விரலைத் தூக்கப் பார்த்தாள். விரல் வரவில்லை.

இருபது வருடம் பள்ளியில் உடலியல் நடத்தியவள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது, புரிந்ததுதான் கொடுமை. தூக்க மருந்து ஏறும் இடக்கை ஊசி ரத்தக்குழாயை விட்டு நழுவியிருக்கிறது. மருந்து தோலுக்கடியில் தேங்கி, பச்சைத் துணிக்குள் கை வீங்கிக்கொண்டிருக்கிறது. துணியை விலக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வலக்கையில் போட்ட தசை தளர்த்தும் மருந்தோ ஒழுங்காக வேலை செய்கிறது. நரம்பு போய்க் கதவைத் தட்டும், தசை கதவைத் திறந்தால்தான் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சுருங்கும் என்று வகுப்பில் சொல்வாள். இப்போது மூளை தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. ஊமை கண்ட கனவாக எல்லாம் உள்ளேயே கிடந்தது.

இதயம்!

அது வேறு தசை. இந்த மருந்துக்கு அடங்காது. வியர்வை, கண்ணீர், கண்மணி, இதயம் எல்லாம் தன்னியக்க நரம்புகளின் ஆட்சி. 'ஓடு' என்றால் இதயம் ஓடாது, ஆனால் பயந்தால் ஓடும். வாழ்நாளில் முதல்முறையாக அவள் வேண்டுமென்றே பயந்தாள். மூச்சை அந்த இயந்திரம் நிறுத்திவிட்டால் என்று நினைத்தாள். வெளியே காத்திருக்கும் கணவரிடம் யாரோ போய்த் தலைகுனிந்து நிற்பதாக நினைத்தாள். பீப் ஒலி விரைந்தது. இன்னும் விரைந்தது.

"நூத்தி நாப்பது டாக்டர்" என்றாள் தாதி. "நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது."

கேட்டுவிட்டார்கள். அப்பாடா.

"அவங்களுக்குப் படபடப்பு எப்பவுமே உண்டுன்னு வீட்டுக்காரர் சொன்னாரு" என்றார் மயக்க மருத்துவர். "பயப்பட ஒண்ணுமில்ல. துடிப்பைக் குறைக்கிற ஊசி போட்டுடறேன்."

வேண்டாம்.

வலக்கைக்குள் ஏதோ குளிர்ச்சியாக ஏறியது. அவள் மேலும் பயந்தாள், இருக்கிற பயத்தையெல்லாம் திரட்டிப் பயந்தாள். பீப் மெதுவானது.

"டாக்டர், கண்ணுல தண்ணி வருது."

"ஒட்டு உறுத்தும்மா. தொடச்சு விடு."

பஞ்சு வந்தது. மென்மையாக, தாய்போல, துடைத்துவிட்டுப் போனது.

"எழுபது" என்றாள் தாதி. "அறுபத்தி நாலு."

"பாத்தீங்களா, குழந்தை மாதிரி தூங்கறாங்க. ஆரம்பிங்க சார்."

வயிற்றில் ஈரமாக எதையோ பூசினார்கள். விளக்கை இழுத்துத் திருப்பும் சத்தம். தட்டிலிருந்து உலோகம் எடுக்கும் சத்தம்.

தொப்புளுக்கு மேலே கூர்மை பட்டது. நின்றது. அழுந்தியது.

பீப். பீப். பீப்.

தோல் பிரிந்தது. அவள் அலறினாள், முழு உடம்பாலும் அலறினாள். அறையில் யாரும் தலை நிமிரவில்லை.

அறுபத்து இரண்டு.

"இன்னும் கொஞ்சம் பெருசாவே தொறந்துக்கறேன்" என்றார் அறுவை மருத்துவர். "ரெண்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் தாங்குவாங்கல்ல?"

"தாராளமா" என்றார் மயக்க மருத்துவர்.