போட்டு வாறன்

வெறும் வீட்டுக்குள் இருந்து ஒரு பெண்குரல் பதில் சொன்னது நேசமலருக்குத் தெளிவாகவே கேட்டது. வீடு காட்டக் கூட்டிவந்த ஜவாஹிர் நானா அப்போது ரோட்டில் குனிந்து, கழன்ற சைக்கிள் செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வேறு ஆளில்லை.

முதலில் வாய் கொடுத்தவள் அவள்தான். வவுனியா ஆஸ்பத்திரியில் தாதி. தாய் தகப்பன் முகமறியாமல் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். தாதியர் விடுதியைத் திருத்தப்போகிறார்கள் என்பதால் தனியாக ஒரு வீடு எடுக்கவேண்டியிருந்தது. தோணிக்கல்லா, குருமன்காடா என்பதுதான் கேள்வி. தோணிக்கல் வீடு பெரியது, விசாலமானது. குருமன்காட்டில் இருந்ததோ மண்சுவர் வைத்த சின்னக் கொட்டில். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கமே வீட்டுக்காரி நாகேஸ்வரி குடியிருந்தார்.

தோணிக்கல் வீட்டின் குளிர்ந்த அறைகளில், ஈரச் சுண்ணாம்பு மணத்துக்கும் பின்வளவில் கிறீச்சிட்ட கிணற்றுத் துலாவின் ஓசைக்கும் நடுவே நின்றபோது, தனக்கும் ஒரு வீடு இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது. வவுனியாப் பக்கத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது எவரும் "போறன்" என்று சொல்வதில்லை. அது திரும்பி வராதவர்களின் சொல். "போட்டு வாறன்", போய்த் திரும்பி வருவேன், என்பார்கள். அதைக் கேட்டு வழியனுப்ப அவளுக்குத்தான் எவரும் இருந்ததில்லை. அந்த ஏக்கமோ என்னவோ, படியிறங்கும்போது சுவரைப் பார்த்து, "அப்ப போட்டு வாறன்" என்றாள்.

"ஓம், போட்டு வா பிள்ளை" என்றது உள்ளே ஒரு குரல்.

அவள் ஓட்டமும் நடையுமாய் ரோட்டுக்கு வந்தாள்.

"நானா, உள்ளுக்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை மிஸ்ஸி. சுண்ணாம்பு அடிச்ச ஆக்களும் நேற்றே போயிட்டாங்க. ஏன், வீடு பிடிக்கேல்லையோ?"

"எனக்குக் குருமன்காடே காணும்."

நல்ல முடிவு என்றுதான் நினைத்தாள். நாகேஸ்வரி வீட்டு அடுப்புப் புகையும், அவர் கோழிகளை ஏசும் சத்தமும் வேலி தாண்டி வந்துகொண்டிருக்க, தனிமை கொஞ்சம் விலகியதுபோலவும் இருந்தது. ஆனால் பொழுது சாயும் நேரத்தில், காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று ஓய்ந்து பாலை மரத்தில் ஒரு இலைகூட அசையாமல் நிற்கும் வேளையில், யாரோ மணலில் காலை இழுத்து இழுத்து நடப்பது போன்ற ஓசை வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் தலைப்பில் கேட்கும். பிறகு ஒரு மணம் வரும். ஈரச் சுண்ணாம்பு. மண்சுவர் வீட்டில் சுண்ணாம்பு ஏது? ஆஸ்பத்திரி மணம் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று தன்னையே பேய்க்காட்டி ஏமாற்றிக்கொண்டாள். முதலில் ஒழுங்கையில் இருந்த மணம் பிறகு வேலிப் படலையடிக்கு வந்தது. பிறகு முற்றத்துக்கு.

அன்று வேலை முடிந்து அவள் வந்தபோது வானம் மூடிக் கிடந்தது. நாகேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"மிஸ்ஸி, அம்மா இருக்கிறா எண்டு நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே!"

"ஆற்றை அம்மா?"

"உங்கட அம்மாதான். தோணிக்கல்லில இருந்து நடந்து வந்தவாவாம். மகள் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வரேல்லை எண்டு ஒரே கவலை, பாவம். நான்தான் திறப்புக் கொண்டுவந்து திறந்து உள்ளுக்க இருத்தினனான்."

சோறு பொங்கிவிடும் என்று அவர் தன் குசினிக்கு ஓடிவிட்டார்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. முற்றத்து மண்ணில் வெள்ளைக் காலடிகள். எல்லாம் உள்ளே போனவை. ஒன்றாவது திரும்பவில்லை.

சோற்றுக் கோப்பை வைக்கும் சத்தம். சுடுசோற்று மணம். சுண்ணாம்பு மணம்.

"வந்திட்டியே பிள்ளை?"

நேசமலருக்கு அழுகை வந்தது. பிறந்ததிலிருந்து அவள் கேட்க ஏங்கிய கேள்வி அது. "ஓம்" என்று சொல்ல நா துடித்ததுதான் அவளை எல்லாவற்றிலும் கூடப் பயப்படுத்தியது. சொன்னால் முடிந்தது. சொல்லாவிட்டாலும் இது விடாது. வாறன் என்று சொன்ன வாயாலேயே அதை முறிக்கவேண்டும்.

செருப்பைப் படியருகே கழற்றிவிட்டிருந்தாள். எடுக்கவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தாள். ஒருநாளும் சொல்லாத சொல்லைச் சொன்னாள்.

"நான் போறன்."

கோப்பைச் சத்தம் நின்றது. நாகேஸ்வரியின் கோழிகளும் அடங்கிவிட்டன.

ஒரு கதிரை பின்னால் தள்ளப்பட்டது.

"தனியவோ? பொறு பிள்ளை, நானும் வாறன்."

விளக்கு அசையவில்லை. வாசலில் எவரும் இல்லை. படியில், அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில், ஈரமான வெள்ளைக் காலடி ஒன்று பதிந்தது. வெளியே பார்த்தபடி.