சிவப்புப் பட்டன்

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். அதனால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை.

சாலையில் எத்தனை பேர் செல்போனும் கையுமாக வண்டி ஓட்டுகிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும் என்றார் ஆசிரியை. “யாரு செய்...” என்று அவர் தொடங்கியதுமே, “நான்!” என்று எழுந்து நின்றாள்.

அம்மாவின் தையல்கடை சாலையோரம்தான் இருந்தது. பட்டன்களுக்கா அங்கே பஞ்சம்? ஜன்னலோரம் ஒரு கண்ணாடிப் பாட்டிலோடு உட்கார்ந்தாள். ஒழுங்காக ஓட்டுபவருக்கு வெள்ளைப் பட்டன். போனோடு ஓட்டினால் சிவப்பு.

“அதோ, சிவப்பு போடு!” என்றாள் அம்மா, மெஷினை மிதித்தபடியே.

“இல்லம்மா, அவர் காதைச் சொறியறார். பாவம், வெள்ளைதான்.”

அப்போது ரொட்டி வேன் வந்தது. அப்பாவின் வேன்! ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொரு கை காதில் இருந்தது. அப்பா சொறியவில்லை, சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

முதல்முறையாக முந்திரிக்கொட்டை அவசரப்படவில்லை. சிவப்புப் பட்டன் அவள் கையிலேயே இருந்தது. போடாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் கணக்கு பொய்யாகிவிடும். போட்டாலோ, அப்பாவையே காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும். அவளுக்கு அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டனைப் பாட்டிலில் போட்டாள்.

மாலையில் அப்பா கடைக்கு வந்தார். எந்தப் பட்டன் எதற்கு என்று அம்மா சொன்னாள். பாட்டிலைப் பார்த்ததும், “அடேயப்பா, இவ்வளவு சிவப்பா! பொறுப்பே இல்லாத ஜனங்க!” என்றார்.

“அதுல ஒண்ணு நீங்கப்பா.”

தையல் மெஷின் சட்டென்று நின்றது. அப்பாவின் முகம் வாடிவிட்டது.

“என்னை மட்டும் விட்டிருக்கக் கூடாதா?”

“விட்டா அது கணக்கே இல்லப்பா. அதோட, நீங்க பத்திரமா வீட்டுக்கு வரணும்.”

அப்பா பாட்டிலுக்குள் கையை விட்டார்.

“ஐயோ, எடுக்காதீங்க! கணக்கு கெட்டுடும்!”

“சரிங்க மேடம்,” என்று சிரித்தவர் அம்மாவிடம் திரும்பினார். “வேற சிவப்புப் பட்டன் இருக்கா? என் சட்டைப் பையில தச்சுக் குடு. வண்டி எடுக்கும்போது போனை உள்ள போட்டுப் பூட்டிடறேன்.”

மறுநாள் ரொட்டிக் கடைக்காரர் கேட்டார்: “என்னய்யா, வெள்ளைச் சட்டையில சிவப்புப் பட்டன்? தச்சவங்களுக்குக் கண்ணு தெரியலையா?”

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“இது என் பொண்ணு எனக்குப் போட்ட பட்டன். அப்பான்னுகூடப் பாக்காம போட்டா!”