நிலாணிக்குப் படைத்த கையுறை

மதியம் இரண்டு மணிக்கு மிதுனன் கனடாவின் ஸ்காபரோவில் பழைய உள்ளரங்கு ஒன்றுக்குள் நுழைந்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ரப்பர் தரையின் வாடை, ஹீட்டரின் இரைச்சல். பேஸ்பாலில் பந்து எறிகிறவனுக்கு இருபத்தாறு வயதில் இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பது குதிரைக் கொம்பு. அமெரிக்க அணியொன்றின் ஆள் அவனைப் பார்க்கவென்றே விமானமேறி வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

முதல் வாய்ப்பைக் கெடுத்தவள் அவனைக் காதலித்த நிலாணி. ஓர் ஆட்டம் விடாமல் பார்க்க வந்தவள். பக்கத்து மார்க்கம் நகரில் இருந்த அவன் வீடு தேடி வந்து, தாய் பாலேஸ்வரியின் கையால் சோறும் தின்றவள். அவன் அமெரிக்கா போகப்போகிறான் என்று தெரிந்த அன்று, அவனுடைய வலது கை இடுக்கில் இருக்கத்தக்கதாகவே கார்க் கதவை அடித்துச் சாத்தினாள். மூன்று விரல்கள் முறிந்தன. ஒப்பந்தமும் போயிற்று. அழுதழுது காரை ஓட்டிப் போனவள் நெடுஞ்சாலையில் லொறியோடு மோதி அன்றே செத்தும் போனாள். அவளை ஏசுவதா, அவளுக்காக அழுவதா என்று இவனுக்கு இன்றுவரை தெரியவில்லை.

பையிலிருந்து பந்து பிடிக்கும் கையுறையை எடுத்தான். சாம்பிராணி மணத்தது. தோலில் சந்தனப் பொட்டு.

உடனே தாய்க்குப் போன் எடுத்தான்.

"நேற்று அந்தப் பிள்ளை செத்து ஒரு வருசம், ஆட்டைத்திவசம், தம்பி. அவளுக்குச் செய்ய இஞ்சை ஆரும் இல்லை. விரும்பினதைப் படைக்கோணுமெல்லோ. உன்ர கையுறையை வைச்சனான்."

படைத்ததை இறந்தவர் எடுத்துக்கொள்வார் என்பது பாலேஸ்வரிக்குத் தெரியாததல்ல. பாவம், இரக்கம் அவள் கண்ணை மறைத்துவிட்டது.

அவனிடம் வேறு கையுறை இல்லை. வந்தவரோ மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். இடது கையில் மாட்டிக்கொண்டு, அதன் குழிவில் வைத்த பந்தைப் பற்ற வலது கையையும் அதற்குள் விட்டான்.

உள்ளே ஒரு கை இருந்தது.

சின்னக் கை. குளிர்ந்த கை. முறிந்து பொருந்திய மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாகத் தடவியது.

எறிந்தான். பந்து காலடியில் விழுந்தது.

மறுபடியும் விழுந்தது.

"விடு, நிலாணி," என்று வாய்க்குள் கெஞ்சினான்.

காதோரம் மூச்சுப் பட்டது.

"நோகுதோ?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருடமாக எல்லோரும் எப்போது எறிவாய் என்றுதான் கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. கோபம் வந்திருந்தால் கையை உதறியிருப்பான். அவனால் முடியவில்லை. அமெரிக்கர் மரியாதையாக நன்றி சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கையுறையை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். பாலேஸ்வரி அவன் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். அவனுடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்தாள். எடுத்தவள் மெல்ல விட்டுவிட்டாள்.

"ஏனம்மா?"

"இடமில்லை, தம்பி," என்றாள். "வேறை ஆரோ பிடிச்சிருக்கினம்."